பொதுப் பூங்காவில் ஹாலோவீன்: முதன்முறையாக ஏற்பாடு செய்பவர்களுக்கு

வட அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர்களில் பலருக்கு முதல் அக்டோபர் மாதம் ஒரு சிறு திகைப்போடுதான் தொடங்கும். நேற்றுவரை வெறும் புல்தரையாக இருந்த எதிர்வீட்டு வாசலில் கல்லறைப் பலகைகள் முளைத்திருக்கும். பல் மருத்துவரின் வரவேற்பறையில் எலும்புக்கூடு ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதெல்லாம் பழகிப்போய், பிள்ளைகளின் வேடத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்கத் தொடங்கிவிடுவோம். அதற்கடுத்த கட்டமாக, ஒரே குடியிருப்பைச் சேர்ந்த நாலைந்து குடும்பங்கள் கூடிப் பேசும்போது, அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் வேடமிட்டு மிட்டாய் வாங்கும் இந்த ஹாலோவீனை, இந்த ஆண்டு பக்கத்துப் பூங்காவில் நாமே நடத்தினால் என்ன என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்குத் தலையாட்டி, பொறுப்பையும் தலையில் ஏற்றுக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவதுதானே வழக்கம், பூங்கா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரை நடந்த சாலை விபத்து மரணங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் உயிரிழக்கும் வாய்ப்பு அதையொட்டிய மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் கூடுதல் என்று கண்டறிந்தது. இருட்டு, கறுப்பு உடை, சாலையின் குறுக்கே ஓடும் பிள்ளைகள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கிற மாலை அது. வண்டிகள் நுழையாத பூங்கா இந்த ஆபத்தைப் பெருமளவு குறைத்துவிடும். ஊர் கூடிக் கொண்டாடுவதும் புதிய யோசனை அல்ல. குறும்பு என்ற பெயரில் இளைஞர்கள் செய்த அட்டகாசம் தாங்காமல், மினசோட்டா மாநிலத்தின் அனோக்கா நகரம் 1920-இலேயே ஹாலோவீன் ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்து, அவர்களுடைய சுறுசுறுப்புக்கு வேறொரு வழி காட்டியது.

வேலையைத் தொடங்கும் முன்பு ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் விருந்து வைத்தால் யார் வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். பூங்காவுக்கோ கதவு கிடையாது. ஊஞ்சலாட வந்த குழந்தையும், நாயோடு நடை பயிலும் முதியவரும், சக்கர நாற்காலியில் வரும் சிறுமியும், நிலக்கடலை உள்ளே போனால் மூச்சுத் திணறும் சிறுவனும் நம் அழைப்பு இல்லாமலே அங்கு இருப்பார்கள். நம் பட்டியலில் இல்லாத அந்தக் குழந்தைக்கு இது ஒத்துவருமா என்று ஒவ்வொரு முடிவின்போதும் கேட்டுக்கொண்டால், கீழே நான் சொல்லப்போகும் பெரும்பாலானவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அனுமதி

கோடைக்காலம் முடிவதற்குள் நகராட்சியின் பூங்காத் துறையை அணுக வேண்டும். கூரை போட்ட ஒரு கூடத்தை மட்டும் முன்பதிவு செய்வது வேறு, பொதுமக்களை அழைத்து நிகழ்ச்சி நடத்துவதற்கான சிறப்பு நிகழ்வு அனுமதி வேறு. நமக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் தேவைப்படும். பல நகரங்கள், நிகழ்ச்சியில் யாருக்காவது அடிபட்டால் இழப்பீட்டை ஏற்கும் பொறுப்புக் காப்பீட்டின் சான்றிதழையும் கேட்கும். அதில் நகராட்சியின் பெயரும் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பார்கள். ஏற்கெனவே பதிவு பெற்ற குடியிருப்போர் சங்கமோ பள்ளிப் பெற்றோர் அமைப்போ சேர்ந்து நடத்த முன்வந்தால், இந்தக் காப்பீட்டுத் தலைவலி பாதி தீர்ந்துவிடும்.

விண்ணப்பம் கொடுக்கும்போதே அலுவலரிடம் கேட்டுவைக்க வேண்டிய சில கேள்விகள் உண்டு. பூங்கா எத்தனை மணிக்கு மூடப்படும், கூடாரத்துக்கு முளை அடிக்கலாமா, மின்சாரம் எடுக்க இணைப்பு உண்டா, ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி வேண்டுமா, எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறை திறந்திருக்குமா என்பவை அவை. முளையைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம், புல்தரைக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்கள். முளை அடிக்கக் கூடாது என்றால் கூடாரத்தின் கால்களுக்கு மணல் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். குளிர் மிகுந்த ஊர்களில் குழாய் உறைந்து வெடிக்காதிருக்க அக்டோபரிலேயே பூங்காக் கழிப்பறைகளைப் பூட்டிவிடுவார்கள். இது தெரியாமல் நூறு குழந்தைகளைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. திரைப்படம் போடும் எண்ணம் இருந்தால், கட்டணம் வாங்காவிட்டாலும் பொது இடத்தில் திரையிடுவதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். வீட்டில் பார்க்க வாங்கிய வட்டும் இணையச் சந்தாவும் அதற்குச் செல்லா.

நாளும் நேரமும்

அக்டோபர் 31-ஆம் தேதியிலேயே நடத்த வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்காமல், அதற்கு முந்தைய சனிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 31-ஆம் தேதி மாலையில் பிள்ளைகள் தங்கள் தெருவில் நண்பர்களோடு சுற்றத்தான் விரும்புவார்கள். மேலும், ஒருநாள் கூத்துக்கு வாங்கிய உடையை இரண்டாவது முறை அணியக் கிடைத்த வாய்ப்பைப் பெற்றோரும் மகிழ்ச்சியோடு ஏற்பார்கள். மழை பெய்தால் எந்த நாளுக்குத் தள்ளிவைப்பது என்பதையும் முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

நேரத்தைச் சூரியன் மறைவதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 2007 முதல் அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளும் நாள் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை என்றிருப்பதால், ஹாலோவீன் எப்போதும் கோடை நேரக் கணக்கிலேயே வரும். அப்படியிருந்தும், மாதக் கடைசியில் நியூயார்க்கில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும். ஹூஸ்டனில் ஆறரை மணி ஆகும். உங்கள் ஊருக்கான நேரத்தைப் பார்த்து, அதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு தொடங்கி, இருட்டுவதற்குள் சிறு பிள்ளைகளுக்கான பகுதியை முடித்துவிடுங்கள். விளக்கேற்றிய பரங்கிக்காய்களை அந்தியின் கடைசி இருபது நிமிடத்தில் பார்ப்பதுதான் அழகு. அதற்குப் பிறகு முழு இருட்டில் கூடாரத்தைப் பிரிக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து, தலையில் மாட்டும் டார்ச் விளக்குகள் நான்கைந்தையாவது கையில் வைத்திருங்கள்.

பயமுறுத்தும் பகுதியை எங்கே வைப்பது

இதில்தான் நாங்கள் முதல் ஆண்டில் தவறு செய்தோம். ஆள் கடந்து சென்றால் அலறிக்கொண்டு கைகளை உயர்த்தும் பேட்டரி எலும்புக்கூடு ஒன்றை, எல்லோர் கண்ணிலும் பட வேண்டுமென்று நுழைவுப் பாதையிலேயே நிறுத்தியிருந்தோம். மூன்று வயதிருக்கும் ஒரு சிறுமி, மஞ்சளும் கறுப்புமாகத் தேனீ வேடம் அணிந்து, முதுகில் ஒட்டிய மெல்லிய இறக்கைகள் ஆட ஆட முன்னால் ஓடி வந்தாள். அது அலறியதும் அவள் அழவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அம்மா எவ்வளவு சொல்லியும் அந்த இடத்தைத் தாண்டி ஓரடி வைக்கவில்லை. கடைசியில், ஓர் இறக்கை மடங்கித் தொங்க, அவளைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாய் திரும்பிப் போனார். அவர்கள் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்தவர்களே அல்ல, சறுக்குமரத்துக்கு வந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பூச்சாண்டி காட்டிச் சோறூட்டும் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, பயம் சட்டென்று எந்த இடத்தில் விளையாட்டாக இல்லாமல் போகிறது என்பது எளிதில் பிடிபடுவதில்லை.

ஆகவே இடத்தை இரண்டாகப் பிரியுங்கள். நுழைவாயில், கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், ஊஞ்சல், சறுக்குமரம் ஆகியவற்றுக்குப் போகும் எந்தப் பாதையிலும் பயமுறுத்தும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. சிரிக்கும் பரங்கிக்காய், வைக்கோல் கட்டு, சோளக்கொல்லைப் பொம்மை ஆகியவை போதும். பெரிய பிள்ளைகளுக்குத் திகில் பாதை வேண்டுமென்றால், அதைப் பூங்காவின் ஒரு மூலையில், மற்ற இடங்களிலிருந்து பார்வைக்கு மறைவாக, யாராவது தாமே விரும்பித் திரும்பினால் மட்டுமே நுழையக்கூடியதாக அமையுங்கள். பாதியில் மனம் மாறினால் வெளியேற நடுவில் ஒரு வழி இருக்க வேண்டும். நுழைவில் நிற்பவர் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்பதைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் ஆறு வயதுக் குழந்தை, திரைக்குப் பின்னால் ஒரு மந்திரவாதி இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் தைரியமாக உள்ளே போகும், போய் வந்து மறுபடியும் வரிசையில் நிற்கும்.

வேடமிட்ட தன்னார்வலர்களுக்கு மூன்று விதிகள் போதும்: யாரையும் தொடக் கூடாது, துரத்தக் கூடாது, குழந்தை ஓரடி பின்வாங்கினால் உடனே வேடத்தைக் கலைக்க வேண்டும். வேடத்தைக் கலைப்பது என்றால், குழந்தையின் உயரத்துக்கு மண்டியிட்டு, முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு, தன் பெயரைச் சொல்லி, மறுபடியும் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்பது. பல குழந்தைகள் அந்த முகமூடியைத் தம் கையாலேயே இறக்கிவிடுவார்கள். ரத்தக்காட்சிகளும் வெட்டுப்பட்ட உறுப்புகளும் இந்த நிகழ்ச்சிக்குத் தேவையே இல்லை. வேகமாக மின்னி மின்னி அணையும் விளக்குகள் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். முதல் முக்கால் மணி நேரத்தை ஒலிபெருக்கி இல்லாத அமைதி நேரமாக அறிவித்தால், இரைச்சலைத் தாங்க இயலாத ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் நம்பி அழைத்து வருவார்கள்.

மிட்டாய்க் கணக்கு

மேசைகளை மரங்களுக்கிடையே பரப்பிவைத்து, குழந்தைகள் ஒவ்வொன்றாகச் சென்று வாங்கும்படி செய்வது எளிய முறை. வண்டி நிறுத்துமிடத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கிகளைத் திறந்து அலங்கரித்து, அங்கிருந்து மிட்டாய் கொடுக்கும் முறையும் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால், கடைசிக் குழந்தை வெளியேறும்வரை ஒரு வண்டியும் அசையக் கூடாது என்பதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். அவசரமாகக் கிளம்ப வேண்டியிருக்கும் என்று நினைப்பவர், முதலிலேயே தம் வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு மேசை போட்டுக்கொள்ளட்டும்.

கணக்கு மிக எளிது. 150 குழந்தைகள் வருவார்கள் என்றும் பத்து மேசைகள் என்றும் வைத்துக்கொண்டால், மேசைக்கு ஒன்று வீதம் 1,500 மிட்டாய்கள் தேவை. பூங்காவுக்குக் கதவு இல்லை என்பதால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு சேர்த்து 2,000 வாங்குங்கள். எங்கள் இரண்டாம் ஆண்டில், அடுத்த கூடத்தில் பிறந்தநாள் கொண்டாட வந்திருந்த இருபத்தைந்து குழந்தைகளும் கேக் வெட்டிய கையோடு வரிசையில் வந்து நின்றார்கள். ஐந்து மணிக்குக் கிண்ணங்கள் காலியாகிவிட்டன. எல்லாவற்றையும் ஒரேயடியாக மேசைகளுக்குப் பிரித்துக் கொடுக்காமல், கால் பங்கை ஒருவரின் பொறுப்பில் தனியே வைத்திருந்தால் இந்தச் சங்கடம் வராது. நேரத்துக்கும் இதே போலக் கணக்கு உண்டு: ஒரு குழந்தைக்குப் பதினைந்து நொடி என்றால் 150 குழந்தைகள் ஒரு மேசையைக் கடக்க ஏறத்தாழ முப்பத்தெட்டு நிமிடம் ஆகும். எல்லோரும் முதல் மேசையிலிருந்தே தொடங்கினால் வரிசை நகராது. வருகிறவர்களின் கையில் மூன்று நிறச் சீட்டுகளில் ஒன்றைக் கொடுத்து, மூன்று வெவ்வேறு மேசைகளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்த தின்பண்டம் வேண்டாம். தொழிற்சாலையில் தனித்தனியாக உறையிட்டதை மட்டுமே கொடுங்கள். சமைத்த உணவு விற்பதாகவோ வழங்குவதாகவோ இருந்தால் உள்ளூர் சுகாதாரத் துறையின் தற்காலிக உணவு அனுமதி தேவைப்படலாம். முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. பால், முட்டை, மீன், இறால் நண்டு வகைகள், மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டுடன் 2023 முதல் எள்ளும் சேர்ந்து, ஒன்பது பொருள்களை உறைமீது குறிப்பிட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆனால் சின்ன அளவு மிட்டாயின் தனி உறையில் பெரும்பாலும் பெயர் மட்டுமே அச்சாகியிருக்கும். உட்பொருள் பட்டியல் பெரிய பைமீதுதான் இருக்கும். பையைப் பிரித்ததும் குப்பையில் போட்டுவிடாமல், அந்தப் பட்டியல் உள்ள பகுதியை வெட்டி மேசைமீது ஒட்டிவையுங்கள்.

ஒரு மேசையை மிட்டாயே இல்லாத மேசையாக வைத்து, அதன்மீது பச்சை கலந்த நீல நிறம் பூசிய பரங்கிக்காய் ஒன்றை வையுங்கள். டென்னசி மாநிலத்தில் தொடங்கி, 2014-இல் அமெரிக்கா முழுவதும் பரவிய வழக்கம் இது. தின்பதல்லாத பரிசு இங்கே கிடைக்கும் என்பது அந்த நிறத்தின் பொருள். பென்சில், ஸ்டிக்கர், சிறு புத்தகக் குறி போன்றவை போதும். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கெட்டி மிட்டாயும் கொட்டைகளும் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால், அவர்களுக்கும் இதே மேசை பயன்படும். சிறிய பந்துகளும் மோதிரங்களும் அவர்கள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிட்டாய் கேட்கும்போது வழக்கமாகச் சொல்லும் 'டிரிக் ஆர் டிரீட்' என்ற வாசகத்தைச் சொன்னால்தான் கொடுப்பேன் என்று எந்தக் குழந்தையிடமும் அடம்பிடிக்க வேண்டாம். பேச வராத குழந்தையும் பேசக் கூச்சப்படும் குழந்தையும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள் போல் தெரிகிறார்களே என்று வயதைக் கேட்பதும் தேவையற்றது.

பரங்கிக்காய்

அயர்லாந்தில் கிழங்கைக் குடைந்து விளக்காக்கும் பழக்கம் இருந்தது. அங்கிருந்து புலம்பெயர்ந்தவர்கள் அமெரிக்காவில் பரங்கிக்காயைக் கண்டதும் அதற்கு மாறிவிட்டார்கள்; அளவிலும் மென்மையிலும் அது கிழங்கைவிடப் பலமடங்கு வசதி. நம்மில் சிலர் மஞ்சள் பூசணி என்று சொல்வதும் இதைத்தான்.

கூட்டத்துக்கு நடுவே கத்தியால் செதுக்கும் போட்டி வைக்காதீர்கள். செதுக்கியவற்றைப் பெரியவர்கள் வீட்டிலிருந்தே கொண்டு வரட்டும். பூங்காவில் குழந்தைகளுக்குச் சிறிய காய்களையும் பெயின்ட், ஸ்டிக்கர் ஆகியவற்றையும் கொடுத்தால் போதும். வீட்டில் செதுக்குகிறவர்கள் மூடியை நேர்க்கோட்டில் வெட்டாமல், கத்தியை உட்புறம் சாய்த்து வெட்ட வேண்டும். அப்போதுதான் மூடி உள்ளே விழாமல் உட்காரும். விதையையும் நாரையும் கரண்டியால் சுரண்டி எடுத்து, முகம் வெட்டப்போகும் பக்கத்தின் சுவரை இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு மெலிதாக்கினால், வெளிச்சம் நன்றாகத் தெரியும். வெட்டிய காய் சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்துத் தொய்ந்துவிடும் என்பதால், நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் செதுக்குவதே சரி. உள்ளே வைப்பதற்கு எல்இடி மெழுகுவர்த்தி மட்டுமே. நீளமான மேலங்கிகளும் காய்ந்த வைக்கோலும் உள்ள இடத்தில் நெருப்புக்கு வேலையில்லை. புகை எழுப்ப உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) கொண்டு வருகிறேன் என்று யாராவது உற்சாகமாக முன்வருவார். மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி கொண்ட அந்தப் பொருளை, எதையும் தொட்டுப் பார்க்கும் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே வைக்க வேண்டாம் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

கடையில் பொதிபொதியாகக் கிடைக்கும் செயற்கைச் சிலந்தி வலையை மரங்களிலும் புதர்களிலும் கட்டக் கூடாது. பறவைகளும் வெளவால்களும் அதில் சிக்கிக்கொள்கின்றன. மெல்லிய அந்த இழையைக் கிளையிலிருந்து முழுமையாகப் பிரித்தெடுக்கவும் முடியாது. வலை வேண்டுமென்றால் தடித்த வெள்ளைக் கயிற்றால் இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டுங்கள். பிள்ளைகள் நுழைந்து விளையாடவும் அது தாங்கும்.

வேடம்

அழைப்பிதழிலேயே சில வரிகள் சேர்த்துவிடுவது நல்லது. முகத்தை மூடும் முகமூடியைவிட வண்ணம் பூசுவது மேல், ஏனெனில் முகமூடி பக்கப் பார்வையை மறைத்துவிடும். அந்த வண்ணத்தைச் சில நாள்களுக்கு முன்பே கையில் தடவிச் சோதித்துப் பார்க்க வேண்டும். உடை கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். குளிர் ஊர்களில் உள்ளே ஸ்வெட்டர் போடும் அளவுக்கு உடை தளர்வாக இல்லாவிட்டால், ஆசையாக வாங்கிய இளவரசி உடையின் மேல் கடைசியில் ஜாக்கெட்தான் தெரியும், அழுகையும் கேட்கும். அலங்காரத்துக்கான கண் லென்ஸுகளைக்கூட அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். உண்மைத் துப்பாக்கி போலத் தோன்றும் பொம்மை எதுவும் பொது இடத்துக்கு வரவே கூடாது. இந்த நாட்டில் அது விளையாட்டாகப் பார்க்கப்படாது.

ஓர் இனத்தவரின் மரபு உடையையோ தோல் நிறத்தையோ வேடமாகப் போடுவது இங்கு மனத்தைப் புண்படுத்தும் செயல். புதிதாக வருகிறவர்கள் தெரியாமல் இந்தத் தவறைச் செய்துவிடுகிறார்கள். அதேபோல, நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோ நாட்டவர் தம் முன்னோரை நினைவுகூரும் இறந்தோர் நாள் ஹாலோவீனிலிருந்து வேறான ஒரு வழிபாட்டு நாள். அந்நாளுக்குரிய பூப்போட்ட மண்டையோட்டு முகத்தை ஹாலோவீன் வேடங்களுள் ஒன்றாக அறிவிக்காதீர்கள்.

அன்றைய மாலை

தொடங்குவதற்கு அரை மணி முன்பு எல்லாத் தன்னார்வலர்களையும் ஓரிடத்தில் கூட்டி, முதலுதவிப் பெட்டி எங்கே, காணாமற்போன குழந்தையை எங்கே அழைத்து வருவது, யார் அழைத்து வருவது என்பவற்றை உரக்கச் சொல்லுங்கள். வரும் குழந்தைகளின் கையில் காகிதப் பட்டை கட்டி, பெற்றோரின் தொலைபேசி எண்ணை அதன் உட்புறத்தில் எழுதச் சொல்ல வேண்டும். பெயரை வெளியில் தெரிய எழுதக் கூடாது. ஒரே மாதிரி வேடமிட்ட பத்துச் சிலந்தி மனிதர்களுக்கு நடுவே உங்கள் பிள்ளையைத் தேடும்போதுதான் அந்தப் பட்டையின் அருமை தெரியும். ஒவ்வொரு வாயிலிலும் வேடமிடாத பெரியவர் ஒருவர் பளிச்சென்ற மேலங்கியோடு நிற்கட்டும். கையில் மாட்டும் ஒளிக்குச்சிகளைச் சிறு குழந்தைகள் கடித்துவிட்டால், அமெரிக்காவில் 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். நாயோடு வருபவர்களிடம் கீழே சிந்திய மிட்டாயைப் பற்றி எச்சரியுங்கள். சாக்லேட்டும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங் கமும் நாய்க்கு நஞ்சு.

முடிந்த பிறகு, கொண்டு வந்த எல்இடி மெழுகுவர்த்திகளை எண்ணிப் பாருங்கள். அறுபது வைத்திருந்தால் அறுபதும் திரும்பி வர வேண்டும். அவற்றுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி குழந்தையின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பெயின்ட் பூசாத காய்களை மட்டும் மட்கு உரத்துக்கு அனுப்புங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு இருவர் பூங்காவுக்கு மீண்டும் போய், ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்குமரத்தின் முடிவிலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இரவு டார்ச் வெளிச்சத்தில் தெரியாத மிட்டாய் உறைகள் அங்கேதான் கிடக்கும், எட்டு மணிக்கெல்லாம் அந்தத் தேனீக் குழந்தை போன்றவர்கள் அங்கு வந்துவிடுவார்கள்.